முழுநாள், தனிவண்டி

காலை ஏழு மணிக்கு விடுதி வாசலில்
பெயர் எழுதிய அட்டையோடு நின்றேன்: யாத்விகா.
ஒரே ஒரு பை. ஒரே ஒரு ஆள்.
ஆறு பேர் அமரும் வண்டிக்கு முழுப்பணம் கட்டியிருந்தாள்.
நெங்கா என்று என் பெயரைச் சொல்லி
இன்றைக்கு எட்டு இடம் என்றேன்.
தண்ணீரில் நிற்கும் கோயில், இரட்டை ஏரி, அருவி...
நாலாவதைச் சொல்வதற்குள்
தூங்கிவிட்டாள்.

பதினோரு வருடமாக பாலியின் இந்த மலைக்கு ஆள் ஏற்றுகிறேன்.
வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தவர்கள் உண்டு.
தேனிலவில் சண்டை போட்டு
பாதி வழியில் இறங்கி நடந்தவர்கள் உண்டு.
குரங்கிடம் கண்ணாடியைப் பறிகொடுத்து
என்னிடம் பணம் கேட்டவர் உண்டு.
மலையை வாங்கித் தூங்கியே செலவழித்தவர்
இதுவரை இல்லை.

முதல் இடத்தில் வண்டியை நிறுத்தினேன்.
இஞ்சின் அடங்கியதும் அவள் புருவம் சுருங்கியது.
கை எதையோ தேடி இருக்கையைத் தடவியது.
சட்டென்று சாவியைத் திருப்பினேன்.
வண்டி நகர்ந்தது. புருவம் விரிந்தது.
இன்றைய வேலை என்னவென்று
அப்போதுதான் தெரிந்தது.

கொண்டை ஊசி வளைவில் ஒரு சின்னக் கோயில்.
ஹாரன் அடித்து அனுமதி கேட்டுத்தான் கடப்போம் எல்லோரும்.
இன்று மனசுக்குள் அடித்தேன்.
கேட்டிருக்கும்.

பெதுகுல் சந்தையில்
ஸ்ட்ராபெர்ரிக் கூடையோடு ஓடி வந்தவள்
கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு
கூவ எடுத்த குரலை விழுங்கினாள்.
ஊஞ்சலுக்குச் சீட்டுக் கிழிக்கும் சுவேந்த்ரா
பானெட்டைத் தட்டக் கை ஓங்கினான்.
உதட்டில் விரல் வைத்தேன்.
ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

மணிக்கு ஒருமுறை ஜன்னல் வழியே படம் எடுத்தேன்,
நாளைக்குப் புகார் போனால் சாட்சிக்கு.
எல்லாப் படத்திலும் பனிமூட்டம்.
எதை வேண்டுமானாலும் எந்த இடம் என்றும் சொல்லலாம்.

முண்டுக் இறக்கத்தில்
பாதிச் சாலைக்குத் தார்ப்பாய் விரித்துக்
கிராம்பு காயப்போட்டிருந்தார்கள்.
எதிரே லாரி.
அவனும் ஹாரன் அடிக்கவில்லை, ஏனோ.
கண்ணாடியை விரலளவு இறக்கினேன்.
அவள் மூக்கு அதைக் கண்டது, கண் காணவில்லை.
பட்டியலில் கிராம்பு கிடையாது.

மடியில் வாழையிலைப் பொதி.
ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை சோற்றில்.

ஏரிக்கு மேலே அந்த மேட்டுச் சாலை.
போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன்,
பெட்ரோல் என் கணக்கில்.
மூன்றாம் முறை
யாரோ பாயைச் சுருட்டுவதுபோல் மூட்டம் விலகியது.

இங்கே எத்தனை பேருக்குப் படம் எடுத்திருக்கிறேன்!
ஒன்று, இரண்டு, சிரியுங்கள்.
ஏரி எப்போதும்
யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால்தான் இருந்தது.
இன்று தோள் இல்லை.

முதல் கியரில், நடப்பவன் முந்தும் வேகத்தில்,
புயானைத் தாண்டித் தம்பிளிங்கான் தெரிகிறவரை போனேன்.
தேங்காயெண்ணெய் உறையத் தொடங்கும்போது வருமே ஒரு வெள்ளை,
அந்த நிறம்.
நடுவில் ஒருவன் சின்னப் படகில்
துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருந்தான்.
பின்னால் ஸ்கூட்டரில் வந்த பையன்
என்னைத் திட்டிக்கொண்டே முந்திப்போனான்.
நியாயம்தான்.

சாயங்காலம் ஐந்து. சமவெளி. சிக்னல், புகை.
"மலைக்கு வந்துவிட்டோமா?"
போய் இறங்கிவிட்டோம் என்றேன்.
"எத்தனை மணி நேரம்?"
பத்து.
பத்து என்பதைத் தன் மொழியில்
மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
கன்னத்தில் பெல்ட்டின் வரி சிவப்பாக இருந்தது.

விடுதி வாசலில் படிவத்தை நீட்டினேன்.
எட்டுக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டுக் கேட்டாள்:
"ஏரி எப்படி இருந்தது?"
ஆழம், அகலம், எரிமலைக் கதை, நீர்த்தேவியின் பெயர்,
எல்லாம் நாக்கு நுனியில் இருக்கிறது, மூன்று மொழியில்.
"படத்தில் உள்ள மாதிரி பச்சை இல்லை" என்றேன்.
அவ்வளவுதான் வந்தது.

தலையசைத்துப் படியேறினாள்.
என் பேனா அவளோடு போயிற்று.